விண்டோஸ் 11-க்கு மாற நல்ல நாள் எது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டைச் சுற்றியிருக்கும் டைப்பிங் கடைகளிலும், புதுச்சேரி காமராஜ் சாலையோர அலுவலகங்களிலும் இன்னும் நிறைய சிஸ்டங்கள் விண்டோஸ் 10-இல்தான் ஓடுகின்றன. ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் வந்ததிலிருந்து எல்லோரிடமும் ஒரே குழப்பம். சிஸ்டம் நின்றுவிடுமா? புதிதாக வாங்க வேண்டுமா? "உடனே 11 போட்டுவிடுங்கள்" என்கிறார் ஒருவர். "ஓடுகிற வண்டியில் கை வைக்காதீர்கள்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. புதியது நல்லதா, பழையது நல்லதா என்று பேசிக்கொண்டே இருப்பதால்தான் முடிவு வராமல் இழுக்கிறது. எப்போது மாறுவது என்று கேட்டால் தெளிவான பதில் கிடைக்கும். எவ்வளவு சீக்கிரம் மாறலாம் என்பதற்கு ஒரு முன் எல்லை உண்டு, எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதற்கு ஒரு பின் எல்லை உண்டு. நடுவில் எந்த நாள் என்பதை அவரவர் தொழிலின் நாள்காட்டிதான் சொல்ல வேண்டும்.

## முடிந்தது எது?

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் சிஸ்டம் நிற்காது, லைசென்ஸ் ரத்தாகாது, கோப்புகள் எங்கும் போகாது. நின்றுபோனது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் பேட்ச்.

பேட்ச் என்றால் ஒட்டு. இயங்குதளத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்கும் சிறு நிரல். மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இவற்றை மொத்தமாக வெளியிடுகிறது. நமக்கு அப்போது இரவாகிவிடும் என்பதால் பெரும்பாலும் புதன்கிழமை காலையில்தான் பார்ப்போம்.

அப்டேட், அப்கிரேடு என்ற இரண்டு சொற்களையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் திரையில் ஒரே பக்கத்தில் வருவதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஓட்டு வீட்டில் மழைக்கு முன் உடைந்த ஓடுகளை மாற்றுகிறோமே, அது அப்டேட். வீட்டையே மாற்றிக்கொண்டு போவது அப்கிரேடு. ஓடு மாற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. வீடு மாற நாள் பார்க்கலாம்.

## பேட்ச் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"என் கடையில் என்ன இருக்கிறது திருட?" என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆபத்து எப்படி வருகிறது என்று படிப்படியாகப் பார்த்தால் இது புரியும்.

1. விண்டோஸ் 11 அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டதில்லை. அதன் உள்நிரலில் பெரும்பகுதி 10-இல் இருந்ததுதான்.

2. ஆகவே 11-இல் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதே ஓட்டை 10-லும் இருக்க வாய்ப்பு அதிகம்.

3. 11-க்குப் பேட்ச் வந்ததும், ஒட்டுவதற்கு முன் கோப்பு எப்படி இருந்தது, பின் எப்படி மாறியது என்று தாக்குபவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஓட்டை எங்கே இருந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

4. பேட்ச் கிடைக்காத 10-இல் அந்த ஓட்டை அப்படியே திறந்து கிடக்கும். அடுத்த மாதம் இன்னொன்று சேரும்.

2017-இல் வந்த வான்னாக்ரை தாக்குதலை எடுத்துக்கொள்ளுங்கள். அது புகுந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு மார்ச் 14 அன்றே பேட்ச் வந்துவிட்டது. தாக்குதல் நடந்தது மே 12. இரண்டே மாதம். கோப்புகளையெல்லாம் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்த நிரல் பிரிட்டனில் மருத்துவமனைகளையே முடக்கியது. ஆள் பார்த்து, வீட்டைப் பார்த்து அது வரவில்லை. நெட்வொர்க்கில் ஓட்டை உள்ள கணினி எது என்று தானே தேடிப் பரவியது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை ஆதரவு இருந்தும் பேட்ச் போடாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகள் என்பதையும் கவனிக்க வேண்டும். புதிய இயங்குதளம் இருந்தால் மட்டும் போதாது, மாதாமாதம் ஓட்டை அடைத்திருக்கவும் வேண்டும்.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே?" விண்டோஸ் 10-இல் உள்ள டிஃபெண்டருக்கான புதுத் தகவல்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆன்டிவைரஸ் ஒரு காவலாளி. உடைந்த காம்பவுண்டு சுவரை அவர் கட்டிக் கொடுக்க மாட்டார்.

## முன் எல்லை: வந்த அன்றே ஓட வேண்டாம்

பயந்து ஓடுவதும் தவறு. 2018 அக்டோபர் 2-இல் விண்டோஸ் 10-க்கு ஒரு பெரிய அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களில் சிலருடைய கோப்புகள் காணாமல் போயின. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து, சரிசெய்து, நவம்பர் 13-இல்தான் மறுபடி வெளியிட்டது.

காரணம் நம் ஊரில் சர்வசாதாரணமாக நடக்கும் ஒரு பழக்கத்தோடு தொடர்புடையது. சி டிரைவில் இடம் போதவில்லை என்று டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி வைப்போம். அப்படி மாற்றும்போது சில கோப்புகள் சி-யில் பழைய ஃபோல்டரிலேயே தங்கிவிடும். "இது இனி தேவையற்ற ஃபோல்டர்" என்று எடுத்துக்கொண்ட அந்த அப்டேட், உள்ளே இருந்த கோப்புகளோடு அதை அழித்துவிட்டது. ஆறு வாரம் பொறுத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மென்பொருள் தயாரிப்பவர்களே இந்தப் பொறுமையைக் கடைப்பிடிக்கிறார்கள். விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான உபுண்டு லினக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வெளியாகிறது. முந்தைய பதிப்பில் இருப்பவர்களுக்கு, முதல் திருத்தப் பதிப்பு வந்த பிறகுதான் மாறச் சொல்லி அழைப்பு வருகிறது. அதற்குப் பொதுவாக ஆகஸ்ட் ஆகிவிடும். ஆக, தொழிலுக்கு உபயோகப்படும் கணினி என்றால் மூன்று முதல் ஆறு மாதம் பொறுப்பது நியாயமான கணக்கு.

விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5. அது தவழ்ந்து நடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. "இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்பதற்கு இனி அதை வைத்துக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் 11-க்கும் ஆண்டுதோறும் 24எச்2, 25எச்2 என்று புதுப் பதிப்பு வருகிறது. ஹோம், புரோ இரண்டுக்கும் ஒவ்வொரு பதிப்பின் ஆதரவும் 24 மாதம். அந்தப் பதிப்புகளுக்கு இந்தப் பொறுமை எப்போதும் பொருந்தும்.

## உங்கள் சிஸ்டம் எந்த வரிசையில்?

விண்டோஸ் 11 கேட்பவை: 64 பிட் செயலி, 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0. செக்யூர் பூட் என்பது கணினி தொடங்கும்போது நம்பகமான நிரல்களை மட்டும் ஓட விடும் வசதி. டிபிஎம் என்பது ரகசியக் குறியீடுகளைத் தனியாகப் பூட்டிவைக்கும் ஒரு சிறு பாதுகாப்புப் பகுதி. தனிச் சில்லாகவும் இருக்கும், செயலிக்குள்ளேயும் இருக்கும். செயலி இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை அல்லது அதற்கு மேல்.

தலைமுறையை அறிய, செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய்ச் செயலியின் பெயரைப் பாருங்கள். ஐ5-7400 என்றிருந்தால் கோட்டுக்கு அடுத்த 7 ஏழாம் தலைமுறையைக் குறிக்கும். ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவச நிரலை ஓட்டினால் முழு விவரமும் சொல்லிவிடும்.

முடிவு மூன்று விதமாக வரலாம்.

1. தகுதி உண்டு. முறையான விண்டோஸ் 10 இருந்தால் 11 இலவசம். கிராக் போட்ட விண்டோஸ் என்றால் அந்தக் கிராக் நிரலே ஒரு திறந்த வாசல் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

2. "டிபிஎம் இல்லை" என்று வருகிறது, ஆனால் செயலி புதியது. பல நேரம் வசதி உள்ளேயே இருந்து, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்தால் போதும். இதற்காகப் புது சிஸ்டம் வாங்கிவிடாதீர்கள்.

3. செயலியே பழையது. "எப்படியாவது 11 போட்டுத் தருகிறேன்" என்று சர்வீஸ் செய்பவர் சொல்லலாம். அதற்கு வழிகள் இருப்பது உண்மை. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்பதில்லை. அடுத்த ஆண்டுப் பதிப்பும் தானாக வராது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அந்தப் பாதுகாப்பே நிச்சயமில்லாத இடத்தில் போய் உட்காருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையம் பார்ப்பது, கடிதம் அடிப்பது, பிள்ளைகள் படிப்பது என்ற அளவில் உபயோகம் என்றால் லினக்ஸ் மின்ட்டோ, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ போட்டால் பழைய கணினி இன்னும் சில ஆண்டு நன்றாக உழைக்கும்.

4 ஜிபி ராம் என்பது 11 உள்ளே நுழையத் தேவையான அளவு, நிம்மதியாக வேலை செய்யத் தேவையான அளவில்லை. 8 ஜிபி ராமும், பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி-யும் இல்லாமல் மாறினால் தினமும் எரிச்சல்தான் மிஞ்சும்.

## உண்மையான சிக்கல்: கூடவே ஓடும் பழைய நிரல்கள்

கணினி தகுதி பெற்றால் மாறிவிடலாம் என்று நினைத்துத்தான் பல கடைகள் மாட்டிக்கொள்கின்றன. யாரும் விண்டோஸுக்காக விண்டோஸ் வைத்திருப்பதில்லை. அதில் ஓடும் பில்லிங் நிரலுக்காகவும் பிரிண்டருக்காகவும்தான் வைத்திருக்கிறோம்.

முதலில், 32 பிட் விவகாரம். பிட் எண்ணிக்கை என்பது கணினி ஒரே மூச்சில் கையாளும் தரவின் அளவு. விண்டோஸ் 10-இல் 32 பிட் பதிப்பு, 64 பிட் பதிப்பு இரண்டும் இருந்தன. 11-இல் 64 பிட் மட்டுமே. 32 பிட் விண்டோஸிலிருந்து 64 பிட்டுக்கு நேரடியாக அப்கிரேடு கிடையாது. ஃபார்மட் அடித்து எல்லா நிரலையும் மறுபடி போட வேண்டும். அபவுட் பக்கத்தில் "சிஸ்டம் டைப்" என்ற வரியைப் பார்த்தால் உங்களிடம் எது இருக்கிறது என்று தெரியும்.

இதில் அதிகம் அடிபடுவது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து நிரல்கள். அடகுக் கடை வட்டிக் கணக்கு, நெல் மண்டி வரவு செலவு, கூட்டுறவுச் சங்கப் பேரேடு என்று ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் 20, 25 வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த நிரலை, எழுதியவர் எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியாமல், இன்றும் ஓட்டுகிறவர்கள் உண்டு. கறுப்புத் திரை, எஃப்-வரிசைப் பொத்தான்கள், மவுஸே வேண்டாம், அவ்வளவு வேகம். அது 32 பிட் விண்டோஸில் ஓடும், 64 பிட்டில் திறக்கவே திறக்காது. டாஸ் சூழலைப் போலியாக உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் போன்ற நிரலுக்குள் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்ட் எடுப்பதில் தகராறு வரக்கூடும் என்பதால் முன்கூட்டியே சோதிக்க வேண்டும்.

அடுத்தது டிரைவர். பிரிண்டர், ஸ்கேனர் போன்ற கருவியோடு இயங்குதளம் பேச உதவும் நிரலுக்கு அந்தப் பெயர். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவர் வேண்டும். பழைய லேசர் பிரிண்டர், கைரேகைக் கருவி, ஆடிட்டர் ஆபீஸில் ஜிஎஸ்டி தாக்கலுக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஒவ்வொன்றுக்கும் தயாரிப்பாளரின் தளத்தில் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து, மாறுவதற்கு முன்பே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தமிழ் எழுத்துரு. கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிக்கும் அச்சகங்களில் பக்கம் வடிவமைக்கும் நிரலான பேஜ்மேக்கர் 7.0 இன்னும் உயிரோடு இருக்கிறது. அது 2001-இல் வந்த நிரல், அதற்குப் பின் புதுப் பதிப்பு இல்லை. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொதுத் தரத்துக்கு யூனிகோடு என்று பெயர். பேஜ்மேக்கரில் செய்து வைத்த பழைய டிசைன்கள் யூனிகோடு இல்லாத எழுத்துருக்களில் இருக்கும். அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. எழுத்துருக் கோப்பு இல்லாத கணினியில் அதே டிசைனைத் திறந்தால், மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடக்கும். ஃபார்மட் அடிக்கும்போது முதலில் போவது இந்த எழுத்துருக்கள்தான். எனவே சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுதாகப் படியெடுத்து வைப்பது கோப்புகளைப் படியெடுப்பதைப் போலவே முக்கியம்.

யூனிகோடில் அடிப்பவர்களுக்கும் ஒரு சின்ன விஷயம். பழைய கோப்புகளில் இருக்கும் லதா எழுத்துரு, புதிதாகப் போட்ட விண்டோஸில் இல்லாமல் இருக்கலாம். அப்போது வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, பக்க அளவு மாறிவிடும். ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

## பின் எல்லையைத் தள்ளிப்போட ஒரு வழி

இப்போதே மாற முடியாதவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்ற திட்டம் இருக்கிறது. தனிநபர் கணினிகளுக்கு இது 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். கணினியின் அமைப்புகளை அந்தக் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் இல்லை. இல்லையென்றால் 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலருக்கு இணையான தொகை. ஒரு கணக்கில் பத்துக் கணினி வரை சேர்க்கலாம். தாமதமாகச் சேர்ந்தாலும் விட்டுப்போன பேட்ச்கள் கிடைக்கும், ஆனால் சேரும் நாள் வரை ஓட்டை திறந்தே இருந்திருக்கும்.

நிறுவனங்களுக்குத் தனிக் கணக்கு. ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், ஆண்டுதோறும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. 61, 122, 244 என்று கூட்டினால் 427 டாலர். அந்தப் பணத்தைப் பழைய பெட்டிக்குச் செலவழிப்பதற்குப் பதில் புது சிஸ்டத்தில் போடுவதே மேல்.

## நாள் குறிப்பது

அக்டோபர் என்ற மாதத்தைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அப்போதுதான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. கரண்ட் வர எத்தனை நாளாயிற்று என்பது இங்கிருப்பவர்களுக்கு மறக்காது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.-க்கும் மேல் மழை கொட்டியது. அப்கிரேடுக்கு 5 ஜிபி-க்கு மேல் இறக்க வேண்டும், அப்புறம் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சிஸ்டம் அணையாமல் இருக்க வேண்டும். கடைகளில் இருக்கும் சாதாரண யுபிஎஸ் தாங்குவது கால் மணி நேரம். கடைசித் தேதி வரை காத்திருந்தால் மழையும் புயலும் கரண்ட் கட்டும் வருகிற காலத்தில்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

அச்சகம், ஃபோட்டோ ஸ்டூடியோ, ஜவுளிக் கடைகளுக்கு ஆடி மாதத்தைச் சொல்வேன். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை கல்யாணம் கிடையாது, பத்திரிகை ஆர்டர் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் தலை நிமிர நேரம் இருக்காது. ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடி ஓடினால் மட்டும் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸுக்கு ஆடி ஒத்துவராது, வருமான வரிக் கணக்கு நெருக்கும் நேரம் அது. மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி கெடு. 21-க்குப் பின் வரும் சனிக்கிழமைதான் மூச்சுவிடும் நாள். பள்ளிகளுக்குத் தேர்வு முடிந்த மே மாதம்.

## மாற்றும் நாளன்று

கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்கில் படியெடுத்து, அதை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது. இரண்டு, மூன்று சிஸ்டம் இருந்தால் வேலை குறைவான ஒன்றை முதலில் மாற்றி இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

கணக்கு விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். 24எச்2 முதல், புதிதாகப் போடும் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும், பெரும்பாலான கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அவசரத்துக்குச் சர்வீஸ் செய்பவர் தன் கணக்கைப் போட்டு முடித்துக் கொடுத்திருந்தால், ஆறு மாதம் கழித்து நீலத் திரையில் அந்த எண்ணைக் கேட்கும்போது அது அவரிடம்தான் இருக்கும். உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டியில் வையுங்கள்.

ஃபார்மட் அடிக்காமல் நேரடியாக அப்கிரேடு செய்திருந்தால் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வழி பத்து நாள் வரை திறந்திருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்: ஒரு பில், ஒரு ஸ்கேன், டோக்கனில் ஒரு கையெழுத்து, பழைய பத்திரிகை ஒன்றின் பிரிண்ட். ஃபாக்ஸ்புரோ நிரல் எந்த வழியிலும் ஓடவில்லையென்றால் அந்த ஒரு கணினியை மட்டும் விண்டோஸ் 10-லேயே விட்டு, நெட்வொர்க் வயரைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் பென் டிரைவ் எதையும் அதில் சொருக விடக் கூடாது.